டேலன் ஃப்ரீசனின் இடது கால்

இந்த அரங்கத்தில் காப்பி நன்றாக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாகக் குடிக்கிறேன், இன்னும் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் கொடுக்கிற மார்ஜ் தனக்கென்று ஒரு கெட்டிலும் நல்ல தேயிலையும் வைத்திருக்கிறாள். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். என்மேல் அவளுக்கு இப்போது கோபம். கில்மோர் ஊரில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம்தான்.

கருவி பதிவு செய்கிறதா? சரி. என் பெயர் வெர்னன் கோஸ்டியுக், வயது அறுபத்தொன்று. கில்மோர் கொக்குகள் ஐஸ் ஹாக்கி அணியில் ஆட்டக்காரர்களின் வளர்ச்சியை மதிப்பிடுகிறவன். நீங்கள் லீக் அனுப்பிய வக்கீல், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பதிவை நாளைக்கு வேறு யாராவது கேட்கக்கூடும், அதனால் சொல்கிறேன். கிழக்கே இருக்கிற பெரிய அணி, தான் எடுத்த இளைஞர்களை எங்களிடம் அனுப்பி ஊறப்போடும். சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்கள்தான், ஆனால் முகப்பரு இன்னும் போயிருக்காது. நான் மேல் வரிசை மூலையில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பேன். மாதத்துக்கு இரண்டு முறை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவேன். கால் எப்படி ஓடுகிறது, பக், அந்த ரப்பர் வட்டு, மட்டையில் ஒட்டுகிறதா, சுவரோடு சேர்த்து நசுக்கினால் எழுந்து வருகிறானா, இல்லை அம்மாவைத் தேடுகிறானா. அதைப் படித்துவிட்டுத்தான் ஒருவனை மேலே கூப்பிடுவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். என் கையெழுத்து கொஞ்சம் மோசம். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு பொய்கூடக் கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறீர்கள், சரிபார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பரில் முகாமின் முதல் நாள் பயிற்சி முடிந்ததும், புதிதாக வந்த ஒவ்வொருவனும் மேலே போக எத்தனை பருவம் ஆகும் என்று நான் ஒரு சீட்டில் எழுதவேண்டும். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டு, நிர்வாகி ஸ்டான் புரூடனிடம் கொடுத்துவிடவேண்டும். அது அவருடைய இரும்பு அலமாரியில் தூங்கும். அந்தப் பையன் மேலே போன வருடம், அல்லது கழற்றிவிடப்பட்ட வருடம், ஏப்ரல் விருந்தில் ஸ்டான் உறையைப் பிரித்து எல்லோர் முன்னாலும் படிப்பார். போர்வீரர் சங்கக் கூடம், வறுத்த விலா இறைச்சி, உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை, நூறு நூற்றிருபது பேர். மார்ஜின் பேத்திகள்கூட வருவார்கள்.

இதுவரை என் உறைகளில் எண்பத்து நான்கைப் பிரித்திருக்கிறார்கள். எண்பத்து நான்கும் சரி. மற்ற எண்பத்து மூன்றைப் பற்றி நீங்கள் கேட்க வரவில்லை, நானும் சொல்ல வரவில்லை.

அது எப்படிப்பட்ட பெருமை என்று உங்களுக்குப் புரிகிறதா, தெரியவில்லை. மளிகைக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்குவார்கள். உபகரணங்களைப் பார்த்துக்கொள்கிற லோர்ன் ஒவ்வொரு விருந்திலும் ஒரே கேலியைச் செய்வான். "யோவ் வெர்ன், நான் எப்ப சாவேன்னு ஒரு கவர்ல எழுதிக் குடுய்யா. என் பொண்டாட்டி பிளான் பண்ணணுங்கறா." நான் பெரோகியைத் தின்பேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

டேலன் ஃப்ரீசன் நான்கு வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் வந்தான். டன்வீகன் பக்கம் பருப்பு விளைவிக்கிற குடும்பம், நான்கு மகன்களில் மூன்றாவது. உயரம், சிவந்த காதுகள், அளவுக்கு மீறிய மரியாதை. ஐஸைச் செப்பனிடுகிற வண்டியை ஓட்டுபவருக்குக்கூட நன்றி சொன்னான், அவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டார். தடுப்பாட்டக்காரன். முதல் நாள் வட்டத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். வலப்பக்கம் திரும்பியபோது பிரமாதம். இடப்பக்கம் திரும்பியதும் காலை வாரிவிட்டது மாதிரி விழுந்தான். எழுந்து இன்னொரு முறை திரும்பினான், மறுபடியும் விழுந்தான், இந்தத் தடவை பலகைச் சுவர்வரை சறுக்கிக்கொண்டே போனான்.

பதினைந்து வருடம் பார்த்த கண். யோசிக்கவே இல்லை. சீட்டில் எண் எழுதாமல் ஒரே சொல் எழுதினேன்: "வராது." ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன், ஸ்டானிடம் கொடுத்தேன்.

பிறகு உடைமாற்றும் அறைப் பக்கம் போனேன். டேலன் பெஞ்சில் உட்கார்ந்து இடது ஸ்கேட்டின், ஐஸில் ஓடுகிற அந்தப் பூட்ஸின், அடிக்கத்தியிலிருந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தான். காலுறை நழுவாமலிருக்கப் பையன்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றுவார்களே, கண்ணாடி மாதிரி டேப், அதில் ஒரு விரல் நீளத் துண்டு. யாரோ ஐஸில் போட்டதை இவன் கத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. "இதுதான் என்ன குப்புறத் தள்ளுச்சு போல, சார்" என்று சிரித்துக்கொண்டே குப்பைக்கூடையில் போட்டான். கத்தியில் டேப் ஒட்டினால் உலகத்தில் எவனாலும் நிற்கமுடியாது. இந்த ஊரில் அது குழந்தைக்கும் தெரியும்.

ஸ்டானிடம் போய் உறையைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார். ஏப்ரல் விருந்தில் எழுந்து நின்று அந்தக் கதையையும் சொல்லியிருப்பார். ஆள் நல்லவர், ஆனால் வாய் அடங்காது. லோர்ன் அதைச் செத்தாலும் விடமாட்டான். நான் மாடிப்படியில் பாதிவரை ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன், முழங்கால் வலி.

நீங்கள் முகம் சுளிக்கவேண்டாம். அவனைப் பற்றிப் பொய்யாக எழுதவேண்டும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. அது தொழில் தர்மம் இல்லை. பார்த்ததைத்தான் எழுதுவேன். ஆகவே, பார்ப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் சாணை பிடிப்பவனாக இருந்தேன். ஸ்கேட் கத்தியின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது, நடுவில் குழிந்து இரண்டு ஓரமும் விளிம்பாக நிற்கும். உள்விளிம்பு, வெளிவிளிம்பு. இடப்பக்கம் திரும்பும்போது ஆட்டக்காரனின் உடல் முழுக்க இடது கத்தியின் வெளிவிளிம்பில் தொங்கும். இரண்டும் ஒரே உயரம்தானா என்று பார்க்க, கத்தியின்மேல் ஒரு காசைக் குறுக்காக வைப்போம். காசு சாயக்கூடாது. லோர்னுக்குத் தோள்பட்டை வலி வந்ததிலிருந்து ஆட்ட நாள் காலையில் பாதிக் கத்திகளை நான்தான் சாணை பிடித்துக் கொடுத்தேன். எல்லோரும் என்னை நல்ல மனசுக்காரன் என்றார்கள். டேலனின் ஜோடி என் பாதியில் இருந்தது.

முதலில் இடது கத்தியின் வெளிவிளிம்பை ஒரு தாளின் கனம்தான் இறக்கினேன். அவசரப்பட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், இவர்களுக்கெல்லாம் பாதம் பொல்லாதது. மறு வாரம் இன்னொரு தாள். நவம்பர் நடுவில் அவன் இடது மூலையில் தடுமாறினான், அடுத்த ஆட்டத்தில் விழுந்தான். "இடப்பக்கம் திரும்புகையில் நிலை தவறுகிறான்" என்று எழுதினேன். அப்படித்தானே தவறினான்?

வருட நடுவில் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. டேலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மிஸ்டர் கோஸ்டியுக், ஒளிக்காம சொல்லுங்க. என் இடது காலுக்கு என்னதான் வந்துச்சு?"

"சில பேருக்கு ஒரு பக்கம் பிறவியிலேயே கொஞ்சம் மந்தமா இருக்கும், டேலன்."

அவன் நிஜமாகவே யோசித்தான். "இருக்கும் சார். எங்கப்பா டிராக்டரக்கூட வலப்பக்கமாத்தான் திருப்புவாரு."

"அப்ப குடும்ப வாகு."

"நல்லவேள சொன்னீங்க. நான் ஏதோ கத்தியிலதான் கோளாறோன்னு நெனச்சேன்."

நினைத்தது மட்டுமில்லை, லோர்னிடம் கேட்டும் பார்த்திருக்கிறான். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். லோர்ன் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃப்ரீஸி கண்ணு, இதே கல்லுல சாணை புடிச்ச கத்தியிலதான் இன்னும் இருவது பேரு ஆடறானுங்க. அவனுங்க எல்லாம் நிக்கிறானுங்க. ஒனக்கு மட்டும் தனியா கல்லு வாங்கவா?" பையனின் காது இன்னும் சிவந்துவிட்டது. நான்தான் பரிதாபப்பட்டு ஒரு காசை எடுத்தேன். அவனுடைய வலது ஸ்கேட்டைத் திருப்பிப் பிடித்து, கத்தியின்மேல் வைத்துக் காட்டினேன். காசு அப்படியே நின்றது. "பாத்துக்க" என்றேன். பார்த்தான், தலையாட்டினான். இடதையும் பார்க்கலாமா என்று அவன் கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டேன். கேட்கவில்லை.

முதல் கோடையில் அவன் களத்துமேட்டில் டிராக்டர் டயரை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, இடப்பக்கமாகவே வட்டம் போட்டானாம். அவன் அம்மா தொலைபேசியில் சொன்னார், அந்த இடத்தில் இனிமேல் புல் முளைக்காது என்று. இரண்டாவது கோடையில் பாலே நடனம் கற்றுக்கொண்டான். டன்வீகனில் ஒரே ஒரு நடன வகுப்பு, அதில் எல்லோரும் ஆறேழு வயதுப் பெண் குழந்தைகள். ஆண்டு விழாவில் இவனுக்குப் பனித்துளி வேடம். படம் அனுப்பினான். முன்வரிசையில் குட்டிப் பனித்துளிகள் ஒன்பது, பின்னால் ஆறடி மூன்றங்குலத்தில் ஒன்று. இடது காலை மட்டும் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நிற்கிறான். அதை நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை. படம் இன்னும் என் குளிர்பதனப்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது, நீங்கள் எடுத்துப் போகவேண்டுமென்றால் திருப்பித் தந்துவிடுங்கள்.

ஒவ்வொரு செப்டம்பரும் எனக்குக் கொஞ்சம் சங்கடமான காலம். கத்தி புதிது. பையன் காற்றாகப் பறப்பான். ஸ்டான் மேல் வரிசைக்கே மூச்சு வாங்க ஏறி வருவார். "வெர்ன், பையன் மாறிட்டான்யா. மேல எழுதிப் போட்டுரலாமா?"

"நவம்பர் வரைக்கும் பொறுப்போம் ஸ்டான். அவசரப்பட்டு அனுப்பி, அங்க போய் விழுந்தான்னா மனசு ஒடஞ்சிரும்."

"அதுவும் சரிதான். ஒன்ன மாதிரி பொறுமை எனக்கு வராதுய்யா."

நவம்பரும் வரும், டேலனும் விழுவான். ஸ்டான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

மூன்றாவது பருவம் அவனுக்குக் கடைசி. ஒப்பந்தம் மூன்று வருடம்தான், அதற்குள் மேலே கூப்பிடவில்லை என்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்த பிப்ரவரியில் பெரிய அணியில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரே வாரத்தில் எலும்பு முறிந்தது. ஆள் வேண்டும் என்று ஹாலரன் என்பவரை நேரில் அனுப்பினார்கள். ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பார், ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவார். டேலனின் அப்பாவும் அம்மாவும் மூன்று சகோதரர்களும் நான்கு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய அணியின் சட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார் அந்தத் தகப்பன். கடைப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று காலையும் நான்தான் சாணை பிடித்தேன். வழக்கத்தைவிட ஒரு தாள் அதிகம்.

உண்மையைச் சொன்னால் பையன் மூன்று பகுதியில் முதல் இரண்டிலும் அற்புதமாக ஆடினான். சாய்ந்த கத்தியோடு இரண்டரை வருடம் ஓடியதில் அவன் தொடை மரம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கே கவலை வந்துவிட்டது. கடைசிப் பகுதியில் எதிரணிக்காரன் ஒருவன் பக்கோடு இடது மூலைக்குள் பாய்ந்தான், டேலன் அவனை விரட்டிக்கொண்டு திரும்பினான், கால் போய்விட்டது. அவன் மல்லாந்து கிடக்கும்போதே கோல் விழுந்தது. ஹாலரன் நோட்டை மூடினார். "நீ எழுதினது அட்சரம் பிசகாம இருக்கு வெர்ன்" என்றார். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது இனிக்கவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் அந்தத் தகப்பன் பையைக் கையில் வைத்துக்கொண்டே மகனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. நானும் மனிதன்தான்.

ஏப்ரலில் அவனைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிவிடப்பட்டவர்கள் விருந்துக்கு வருவதில்லை, இவன் டை கட்டிக்கொண்டு வந்தான், எல்லோரிடமும் விடைபெற்றுக்கொள்ளவேண்டுமாம். ஸ்டான் உறையைப் பிரித்து, ஒரு முறை அவனைப் பார்த்துவிட்டு, படித்தார். முதலில் கை தட்டியது டேலன்தான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அவன் என் மேசைக்கு வந்தான். "மொத நாளே தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு. சொன்னா நான் ஒடஞ்சி போயிருவேன்னுதானே மூணு வருஷமா சொல்லாம இருந்தீங்க?" கண் கலங்கியிருந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். நான் அவனுக்குக் கொஞ்சம் பெரோகி எடுத்துவைத்தேன்.

மாட்டிக்கொண்ட கதை உங்களுக்கே தெரியும். ஆட்டக்காரன் பயன்படுத்தித் தேய்ந்த கத்திகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பேர் எழுதி வைப்போம். போன மாதம் லோர்ன் கிடங்கை ஒழித்தபோது டேலனின் பெட்டி அகப்பட்டது. இடது கத்திகள் பதினேழு. என்ன தோன்றியதோ, ஒன்றின்மேல் காசை வைத்துப் பார்த்திருக்கிறான். சாய்ந்தது. பதினேழும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்டீர்கள். நல்ல எஃகு அம்மா அது, எறிய மனசு வரவில்லை. லோர்ன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "ஒனக்கு ஒரு கவரு எழுதட்டுமாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக்கு, ஸ்டானிடம் போனான்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் நேற்று டன்வீகன் போய் வந்திருக்கிறீர்கள், டேலன் சொல்லியிருப்பான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் அவன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். லோர்ன் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு. பண்ணையில் இருக்கிற குட்டை உறைந்திருந்ததாம், தம்பியின் பழைய ஸ்கேட்ஸைப் போட்டுக்கொண்டு சும்மா இறங்கினானாம்.

"சார், வந்துருச்சு. இடப்பக்கம் வந்துருச்சு. நூறு தடவ திரும்பிப் பாத்துட்டேன், ஒரு தடவகூட விழல. தம்பி எண்ணிக்கிட்டு நின்னான்."

ஜெர்மனியில் ஒரு அணி அவனை மூன்று வாரம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருந்ததாம். அன்றைக்குள் பதில் சொல்லவேண்டும். முதலில் வேண்டாமென்று நினைத்தவன், இப்போது போகலாமா என்று என்னைக் கேட்டான். பின்னால் அவன் சகோதரர்கள் கத்துவதும் பக் எதன்மேலோ மோதுவதும் கேட்டது.

"குட்டையில யாரும் ஒம்மேல சாயறதில்ல டேலன்" என்றேன். "ஆளு சாயாத எடத்துல எல்லாருக்கும் இடது வரும்."

"ஆமால்ல" என்றான். பிறகு, "நல்லவேள ஒங்ககிட்ட கேட்டேன் சார். அங்க போய் அசிங்கப்பட்டிருப்பேன்" என்றான். என் முழங்காலைப் பற்றி விசாரித்தான். அடுத்த வாரம் தன் ஸ்கேட்ஸை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உறையை ஏப்ரலிலேயே பிரித்துப் படித்தாகிவிட்டது. அவன் ஜெர்மனிக்குப் போயிருந்தாலும், அங்கே கொடிகட்டிப் பறந்திருந்தாலும், என் எண்பத்து நான்கில் ஒன்றும் குறைந்திருக்காது. அதில் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பதினேழு கத்திகளையும் கெடுத்தது நான். தெரிந்தே, திட்டமிட்டு, இரண்டரை வருடம். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். அந்தத் தொலைபேசிப் பேச்சை மட்டும் இதோடு சேர்க்கவேண்டாம். அவன் என் கருத்தைக் கேட்டான், நான் மனதில் பட்டதைச் சொன்னேன்.